மேற்கோளும் மூலமும்

ஒரு பொருளை ஆராய்ந்து கட்டுரை எழுதப் புகும் மாணவர், அப்பொருள்பற்றி முன்னோர் எழுதிய நூல்களைக் கற்றே எழுத வேண்டியவராவர். பிறர் கருத்தை எடுத்தாளுதல் குற்றமன்று. அக்கருத்து யாருடையது, எந்நூலில் உள்ளது என்று கூறாது விடுதலே குற்றமாகும். அவ்வாறு விடுவதால் விளையும் இடர் எத்தகையது என்பதைத் தமிழ்நூற் பதிப்பு வரலாறு நன்கு விளக்குகின்றது.

1855ஆம் ஆண்டிற் பிறந்த டாக்டர் உ. வே. சாமிநாதையர், இளமையில் அரியலூரிலும், குன்னத்திலும், பெரம்பலூரை அடுத்த செங்குணத்திலும் தமிழ் கற்றவர். பின்னர்க் கும்பகோணம் கல்லூரியில் தமிழாசிரியராக விளங்கியபோது, சீவக சிந்தாமணியை நச்சினார்க்கினியர் உரையுடன் பதிப்பிக்க முற்பட்டார். அவ்வுரையில் பழைய நூல்களின் அடிகள் பல மேற்கோளாக வந்துள்ளன. ஆனால், அவற்றுட் பல எந்நூலைச் சேர்ந்தவை என்று உரையாசிரியர் குறிக்கவில்லை. பிறரும் இவ்வாறு கூறியுள்ளனர் என்னும் அளவில் அமைந்துவிட்டார்.

கற்றோர் பழைய நூல்களை நெஞ்சில் நிறுத்தியிருந்த காலத்தில் அவ்வளவே போதியதாக இருந்திருக்கலாம். ஆனால், பத்தொன்பதாம் நூற்றாண்டில் சங்க நூல்களின் பெயரையும் அறியாதார் பலர். எனவே, அந்தப் 'பிறர்' யாவர் என்னும் வினா ஐயரவர்களைப் பெரிதும் வருத்தியது. அவர் ஊர்தோறும் சென்று ஏட்டுச் சுவடிகளைத் தேடினார். சங்க நூற்சுவடிகள் கிடைத்து, அவற்றை வரிவரியாகப் படித்த பின்னரே, மேற்கோள்கள் பலவற்றின் மூலம் புலனாயிற்று. சிந்தாமணிப் பதிப்பு 1887ஆம் ஆண்டில் வெளிவந்தது. உரையில் நூற்பெயர்கள் குறிக்கப்பெற்றிருப்பின், அப்பெரியாரின் உழைப்பு எவ்வளவோ குறைந்திருக்கும் அன்றோ?

பெயர் குறித்தலால் விளையும் நன்மைக்கும் சான்று உண்டு. ஐம்பெருங் காப்பியங்களுள் வளையாபதியும் குண்டலகேசியும் இன்று முழுமையாகக் கிடைத்தில. பிற்காலத்தார் உரைகளிலும் தொகை நூல்களிலும் எடுத்துக்காட்டிய செய்யுட்களே எஞ்சியுள்ளன. நூற்பெயரும் உடன் குறிக்கப்பெற்றமையால் அவற்றை இன்ன காப்பியத்தின என்று அறிகின்றோம். பெயரின்றி நிற்கும் மேற்கோட் செய்யுட்கள் பல, எந்நூலின என்று தெரியாமலே உள்ளன.

ஐயரவர்கள் தம் பதிப்புக்களின் முகவுரையில், ஏடு கொடுத்து உதவியோரின் பெயர்களையும் ஊர்களையும் நன்றியுடன் குறித்தார். தமக்குக் கற்பித்த அரியலூர்ச் சடகோபையங்கார், குன்னம் சிதம்பரம் பிள்ளை, செங்குணம் விருத்தாசல ரெட்டியார் ஆகியோரைத் தம் வரலாற்றில் மறவாது போற்றினார். அவர் எழுதிவைத்தமையாலன்றோ அவ்வாசிரியர்களின் பெயர்கள் இன்றும் வழங்குகின்றன!

இனி, நாம் செய்யத்தக்கது யாது என்று காண்போம். மாணவர் ஒருவர் அரியலூர் மாவட்டத்திலுள்ள கங்கைகொண்ட சோழபுரத்தைப் பற்றிக் கட்டுரை எழுதுகின்றார் எனக் கொள்வோம். 1836ஆம் ஆண்டில் கொள்ளிடத்தில் கீழணை கட்டப்பெற்றபோது, அக்கோயிலின் மதிற்கற்கள் எடுத்துச் செல்லப்பெற்றன என்று அவர் எழுதுகின்றார். படிப்பவர், 'இஃது ஊரார் சொல்லும் செய்தியா? நூலில் உள்ளதா?' என்று வினவுவர். அவ்வினாவிற்குக் கட்டுரையிலேயே விடை இருத்தல் வேண்டும்.

அதற்கு வழி எளிது. செய்தியின் முடிவில் ஓர் எண்ணை இட்டு, அதே எண்ணுடன் பக்கத்தின் அடியில் நூலாசிரியர் பெயர், நூற்பெயர், வெளியிட்டோர், பதிப்பு ஆண்டு, பக்க எண் ஆகியவற்றைக் குறிக்க வேண்டும். பதிப்புத்தோறும் பக்கங்கள் மாறுமாதலின், ஆண்டைக் கூறாத பக்க எண் பயன்படாது. கல்வெட்டாயின், அது வெளிவந்த தொகுதியையும் அதன் எண்ணையும் குறிக்க வேண்டும். முதியோர் வாய்மொழியாயின், அவர் இசைவு பெற்று, அவர் பெயரும் ஊரும் கேட்ட நாளும் தருதல் தகும். இணையத்திற் கண்டதாயின், வெளியிட்டோர் பெயர், பக்கத்தின் முகவரி, பார்த்த நாள் ஆகியவை வேண்டும்.

பிறர் சொற்களை அப்படியே எடுத்தாளின், ஓர் எழுத்தும் மாறாமல் மேற்கோட் குறிகளுக்குள் அடக்க வேண்டும். நம் சொற்களால் மாற்றி எழுதினும் கருத்து அவருடையதே. ஆதலின், மூலத்தைக் கூறாது விடுதல் கூடாது. ஒரு நூலாசிரியர் கூறியதை வேறொரு நூலின் வாயிலாக மட்டும் அறிந்தோமாயின், நாம் கண்ட நூலையே குறிக்க வேண்டும். காணாத நூலைக் கண்டதாகக் காட்டுதல் பொய்யாகும்.

இவற்றையெல்லாம் கட்டுரையை முடித்தபின் தேடுவது அரிது. படிக்கும்போதே குறிப்பேட்டில் நூலும் பக்கமும் எழுதிக்கொள்ளுதல் நலம். கட்டுரையின் இறுதியில் துணை நூல்களை அகர வரிசையில் அமைத்தல் முறை.

மூலத்தைக் கூறுதல், முன்னோர்க்கு நாம் செலுத்தும் நன்றியாகும். பின்வருவோர்க்கு நாம் காட்டும் வழியுமாகும். நம் கட்டுரையிற் பிழை இருப்பின், அவ்வழியே சென்று பிறர் அதனைத் திருத்தவும் கூடும். இவ்வாறு ஆராய்ந்து திருத்துதற்கு இடந்தருவதே உண்மையான ஆராய்ச்சியாகும்.