கடலை விலையை யார் முடிவு பண்றாங்க?



தா.பழூர் பக்கத்துக் குழுக் கூட்டம் ஒன்றில் ஒரு அக்கா கேட்ட கேள்வி இது: "கடலை போட்டது நாம. களை வெட்டினது நாம. பிடுங்கினது, காய் ஆய்ஞ்சது, காய வச்சதும் நாம. விலையை மட்டும் யாவாரி சொல்றாரு. அந்த யாவாரிக்கு விலையை யாரு சொல்றாங்க?"

கூட்டத்தில் யாருக்கும் பதில் தெரியவில்லை. நமக்கும் உடனே சொல்லத் தெரியவில்லை. விசாரித்துத் தெரிந்துகொண்டதை இந்த இதழில் எழுதுகிறோம். கொஞ்சம் நீளம்தான். ஊக்குநர் வாசிக்க, எல்லோரும் கேட்டுப் பேசுங்கள்.

விலை கப்பல்ல வருது

நம் நாட்டுக்கு ஒரு வருஷத்துக்கு வேண்டிய சமையல் எண்ணெயில் பாதிக்கு மேல் வெளிநாட்டிலிருந்துதான் வருகிறது. வருஷத்துக்குச் சுமார் 160 லட்சம் டன். பாமாயில் இந்தோனேசியா, மலேசியாவிலிருந்து வருகிறது. சோயா எண்ணெய் அர்ஜென்டினா, பிரேசிலிலிருந்து. சூரியகாந்தி எண்ணெய் ரஷ்யா, உக்ரைனிலிருந்து.

எப்பவும் இப்படி இருந்ததில்லை. 1986-ல் மத்திய அரசு எண்ணெய் வித்துகளுக்கென்று ஒரு தனி இயக்கம் தொடங்கியது. கடலை, கடுகு, சோயா, சூரியகாந்தி சாகுபடி கூடியது. 1990-களின் தொடக்கத்தில் நமக்கு வேண்டிய எண்ணெய் ஏறக்குறைய முழுவதும் இங்கேயே விளைந்தது. 1994-ல் பாமாயிலை யார் வேண்டுமானாலும் இறக்குமதி செய்யலாம் என்று திறந்துவிட்டார்கள். அப்போது வரி நூற்றுக்கு 65. நாலே வருஷத்தில், 1998-ல், அது 15 ஆகக் குறைந்தது. வெளிநாட்டு எண்ணெய் பெருகியது.

கடலை எண்ணெய் பக்கத்தில் மலிவான எண்ணெய் ஒன்று கடையில் உட்கார்ந்தால், ஜனங்கள் எதை வாங்குவார்கள்? கடலை எண்ணெய்க்குக் கிராக்கி குறைந்தால் ஆலைக்காரர் கடலையைக் குறைத்துக் கேட்பார். ஆலைக்காரர் குறைத்தால் யாவாரியும் குறைப்பார். அந்த அக்கா கேட்ட கேள்விக்குப் பாதி பதில் இதுதான்.

வரி என்கிற ஷட்டர்

வாய்க்கால் ஷட்டரை நாம் பார்த்திருக்கிறோம். இறக்கினால் தண்ணீர் குறையும், ஏற்றினால் பாயும். இறக்குமதி வரியும் அப்படித்தான். வரி கூடினால் வெளிநாட்டு எண்ணெய் வருவது குறையும். வரி குறைந்தால் உள்ளே பாயும். அந்த ஷட்டர் சாவி டெல்லியில் இருக்கிறது.

சுத்திகரிக்காத பாமாயில், சோயா, சூரியகாந்தி எண்ணெய்க்கு எல்லா வரியும் சேர்த்து நூற்றுக்கு 5.5 தான் இருந்தது. 2024 செப்டம்பர் 14 முதல் அதை 27.5 ஆக ஏற்றினார்கள். 2025 மே மாதக் கடைசியில் மறுபடியும் 16.5 ஆக இறக்கினார்கள். அதாவது, துறைமுகத்தில் 100 ரூபாய்க்கு வந்து இறங்கும் எண்ணெய் வரியோடு சேர்த்து முதலில் ரூ.105.50, பிறகு ரூ.127.50, அதன் பிறகு ரூ.116.50. ஒன்பது மாதத்துக்குள் இத்தனை மாற்றம்! விதை போடும்போது ஒரு கணக்கு, விற்கும்போது வேறு கணக்கு.

மத்தியப் பிரதேசத்துச் சோயா விவசாயிகள்

2024-ல் வரி சும்மா ஏறவில்லை. பின்னால் ஒரு கதை இருக்கிறது.

கடையில் நாம் வாங்கும் மீல்மேக்கர் சோயாவிலிருந்து வருவது. எண்ணெய் எடுத்த பிறகு மிஞ்சும் புண்ணாக்கிலிருந்து அதைச் செய்கிறார்கள். அதே புண்ணாக்குதான் நாமக்கல் கோழிப் பண்ணைகளுக்கும் தீவனமாகப் போகிறது. சோயா அதிகம் விளைவது மத்தியப் பிரதேசம், மகாராஷ்டிரா மாநிலங்களில்.

2021 ஆகஸ்டில் சில சந்தைகளில் சோயா குவிண்டால் 10,000 ரூபாயை எட்டியது. தீவன விலை தாங்கவில்லை என்று கோழிப் பண்ணைக்காரர்கள் அரசிடம் முறையிட்டார்கள். 12 லட்சம் டன் சோயாப் புண்ணாக்கை வெளிநாட்டிலிருந்து கொண்டுவர அரசு அனுமதித்தது. புது சோயா சந்தைக்கு வந்தபோது விலை பாதியளவுக்கு இறங்கியிருந்தது. பண்ணைக்காரர்கள் ஒன்றாகப் போய்க் கேட்டார்கள், கிடைத்தது. அதில் தப்பு சொல்ல முடியாது. விவசாயிகள் அந்த அளவுக்கு ஒன்றாகக் கேட்கவில்லை என்பதுதான் வித்தியாசம்.

2024-ல் அவர்களும் விழித்துக்கொண்டார்கள். அந்த வருஷம் அரசு அறிவித்த குறைந்தபட்ச ஆதரவு விலை குவிண்டாலுக்கு ரூ.4,892. சந்தையிலோ பல இடங்களில் 4,000 ரூபாய்தான், அதற்கும் கீழே. குவிண்டாலுக்கு 6,000 வேண்டும் என்று செப்டம்பர் மாதம் கிராமம் கிராமமாக மனு கொடுத்தார்கள். டிராக்டர் ஊர்வலம் போனார்கள். அந்த மாதமே ஆதரவு விலையில் கொள்முதல் செய்ய மத்திய அரசு அனுமதி கொடுத்தது. சில நாளில் எண்ணெய் வரியும் ஏறியது.

கேட்டது முழுசாகக் கிடைத்ததா? இல்லை. 6,000 கிடைக்கவில்லை. கொள்முதல் நிலையத்தில் ஈரம் நூற்றுக்கு 12-க்கு மேல் இருக்கக் கூடாது என்றார்கள். மழையில் நனைந்த சோயாவைப் பலர் திருப்பி எடுத்துப் போனார்கள். அதற்கும் முறையிட்ட பிறகு நவம்பரில் 15 வரை ஏற்றுக்கொண்டார்கள். கடைசியில் நாடு முழுவதும் சுமார் 20 லட்சம் டன் கொள்முதல் ஆனது. வெளிச்சந்தை விலை மட்டும் ஏறவே இல்லை. கொஞ்சம் கிடைத்தது, கொஞ்சம் கிடைக்கவில்லை. ஆனால் வாயைத் திறக்காமல் இருந்திருந்தால் அந்தக் கொஞ்சமும் இல்லை.

அமெரிக்காவில் அரை டாலர் சேமிப்பு

அமெரிக்கச் சோயா விவசாயிகள் 1920-லேயே சங்கம் வைத்துவிட்டார்கள். 1991 முதல் இன்னொரு ஏற்பாடும் உண்டு. 100 டாலருக்குச் சோயா விற்றால் அரை டாலர் பொது நிதிக்குப் போகும். ஆராய்ச்சிக்கும், வெளிநாடுகளில் சந்தை பிடிக்கவும் அந்தப் பணம். அரசிடம் பேசும் செலவுக்கு அதைத் தொடக்கூடாது என்பது சட்டம். அதைச் சங்கத்தின் சந்தாவில் பார்த்துக்கொள்கிறார்கள்.

நம் குழுச் சேமிப்பு மாதிரிதானே! ஒரு ஆள் பணம் சிறிசு, சேர்ந்தால் பெரிசு.

இவ்வளவு பலம் உள்ளவர்களுக்கும் அடி விழுகிறது. 2018-ல் அமெரிக்காவுக்கும் சீனாவுக்கும் வரிச் சண்டை வந்தது. சீனா அமெரிக்கச் சோயாவுக்கு நூற்றுக்கு 25 வரி போட்டது. 2025-லும் பல மாதங்கள் சீனா அவர்கள் புதுச் சோயாவை வாங்கவில்லை. ஒரு கதவு மூடினால் அவர்கள் வேறு கதவைத் தட்டுவார்கள். இந்தியாவின் கதவும் அதில் ஒன்று. அவர்கள் சோயா எங்கே போகிறது என்பது நம் கடலைக்கும் சம்பந்தப்பட்ட விஷயம்தான்.

நம்ம உழைப்புக்குக் கணக்கு இருக்கா?

2025-26-க்கு அறிவித்த ஆதரவு விலை குவிண்டாலுக்கு: நிலக்கடலை ரூ.7,263, எள் ரூ.9,846. கடலைக்குச் சொன்னது காய்க்கு, உடைத்த பருப்புக்கு அல்ல. கிலோவுக்குக் கணக்குப் போட்டால் கடலைக்காய் ரூ.72.63, எள் ரூ.98.46. இதை எழுதி வைத்துக்கொள்ளுங்கள். அடுத்த பருவத்துக்குப் புது விலை வந்தால் மாற்றிக்கொள்ளுங்கள்.

இந்த விலைக்கான கணக்கில் விதை, உரம், கூலியோடு, வீட்டு ஆட்கள் கூலி வாங்காமல் செய்யும் வேலைக்கும் ஒரு மதிப்பு போடுகிறார்கள். நாம் களை எடுத்ததும் காய் ஆய்ந்ததும் அதில் சேர்த்திதான். சொந்த நிலத்தின் குத்தகை மதிப்பையும், போட்ட முதலுக்கு வட்டியையும் சேர்ப்பதில்லை. அவற்றையும் சேர்த்து, அதற்கு மேல் பாதி லாபம் வைத்துக் கொடுங்கள் என்று விவசாயிகள் பல வருஷமாகக் கேட்கிறார்கள். செலவுக்கு மேல் பாதியாவது வைத்துக் கொடுக்க வேண்டும் என்று சொன்னது, எம்.எஸ். சுவாமிநாதன் தலைமையில் 2004 முதல் 2006 வரை இருந்த தேசிய விவசாயிகள் ஆணையம். அவர் பிறந்த கும்பகோணம் நமக்குக் கொள்ளிடத்து அக்கரைதான்.

விக்கிறதும் நாம, வாங்குறதும் நாம

இங்கே ஒரு சங்கடம் உண்டு, மறைக்க வேண்டாம். வரி ஏறினால் கடலை விலைக்கு நல்லது. ஆனால் கடையில் எண்ணெய் விலையும் ஏறும். நிலம் இல்லாத நம் சகோதரிகளுக்கு அது நேராகக் கையைக் கடிக்கும். வரியை 2025-ல் இறக்கியதற்கு அரசு சொன்ன காரணமும் விலைவாசிதான்.

அதனால்தான் தமிழ்நாட்டு விவசாயச் சங்கங்கள் இன்னொரு கோரிக்கையும் வைக்கிறார்கள். 2007 முதல் நம் ரேஷன் கடையில் பாமாயில் கொடுக்கிறார்கள். அரசு மானியம் கொடுப்பதால் பாக்கெட் 25 ரூபாய். அந்த மானியத்தைக் கடலை எண்ணெய்க்கும் தேங்காய் எண்ணெய்க்கும் கொடுத்தால், விளைவித்தவளுக்கும் விலை, சமைக்கிறவளுக்கும் மலிவு என்கிறார்கள். கடலை எண்ணெய் விலை அதிகம், மானியமும் அதிகம் ஆகும் என்பது உண்மை. முழுசாக முடியாவிட்டால் பாதியாவது, விளையும் மாவட்டத்திலாவது தொடங்கலாமே என்று நாம் கேட்கலாம்.

நாம என்ன செய்யலாம்?

1. விற்கும் முன் ஜெயங்கொண்டம் ஒழுங்குமுறை விற்பனைக்கூடத்தின் அன்றைய விலையை விசாரியுங்கள். அங்கே ஏலம் நடக்கிறது. விவசாயியிடம் கமிஷன் பிடிப்பதில்லை. விலை குறைவாக இருந்தால் சரக்கை இருப்பு வைத்துக் கடன் வாங்கும் வசதி பற்றிக் கேளுங்கள்.

2. நன்றாகக் காய வையுங்கள். ஈரம் என்று சொல்லி விலை குறைக்க இடம் கொடுக்காதீர்கள்.

3. ஆதரவு விலைக் கொள்முதல் தானாக வராது. மாநில அரசு கேட்டால்தான் மத்திய அரசு அனுமதிக்கும். மாநில அரசு கேட்க, நாம் கேட்க வேண்டும். சந்தை விலை ஆதரவு விலைக்குக் கீழே போனால், ஆட்சியர் அலுவலகத்தில் மாதம் ஒருமுறை நடக்கும் விவசாயிகள் குறைதீர்க்கும் நாள் கூட்டத்தில் மனு கொடுங்கள். வரி பற்றிய மனு நாடாளுமன்ற உறுப்பினருக்குப் போக வேண்டும். தா.பழூர் இருப்பது சிதம்பரம் தொகுதியில்.

4. மனுவில் "விலை இல்லை" என்று மட்டும் எழுதினால் போதாது. எந்தத் தேதி, எத்தனை கிலோ, என்ன விலைக்கு விற்றோம் என்று பத்துப் பேர் கணக்கையாவது சேருங்கள். குழு நோட்டில் அதற்கு ஒரு பக்கம் ஒதுக்குங்கள்.

5. சிட்டா, அடங்கல் பெரும்பாலும் ஆம்பளைங்க பேரில் இருக்கு. கொள்முதல் வந்தால் பணமும் அந்தப் பேருக்குத்தான் போகும். உங்கள் பேரில் நிலமோ குத்தகையோ இருந்தால் அடங்கலில் உங்கள் பேர் ஏறியிருக்கிறதா என்று கிராம நிர்வாக அலுவலரிடம் இப்போதே பாருங்கள்.

6. கிராம சபையில் தீர்மானம் போடுங்கள். ஒரு குழு எழுந்து நின்றால் பேச்சு, பத்துக் குழு எழுந்து நின்றால் தீர்மானம்.

குழுவில் பேச

— போன பருவத்தில் நீங்கள் கடலை விற்ற விலை என்ன? அதே வாரம் ஜெயங்கொண்டத்தில் என்ன விலை?

— நம் வீட்டில் மாதம் எத்தனை லிட்டர் எண்ணெய் வாங்குகிறோம்? அதில் எத்தனை லிட்டர் வெளிநாட்டு எண்ணெய்?

— ரேஷனில் கடலை எண்ணெய் கேட்கலாமா? நிலம் உள்ளவர், இல்லாதவர் இருவரும் சொல்ல வேண்டும்.

பதில்களை ஊக்குநர் மூலம் கூட்டமைப்புக்கு அனுப்பி வையுங்கள். எல்லாக் குழுக் கணக்கையும் சேர்த்து ஒரே மனுவாக எழுதுவோம். அந்த அக்காவின் கேள்விக்கு மீதிப் பாதி பதில் அதுதான்: இவ்வளவு நாள் விலையை மற்றவர்கள் முடிவு பண்ணினார்கள். இனி அந்தப் பேச்சில் நம்ம குரலும் இருக்கட்டும்.