‘நல்லாத்தானே இருக்கேன்!’

“எனக்கென்ன சார், குத்துக்கல்லாட்டம் இருக்கேன். எதுக்கு டெஸ்ட்?”

கடலூர் மஞ்சக்குப்பத்திலும் சரி, சிதம்பரம் தேரோடும் வீதிகளிலும் சரி, நாற்பதைத் தாண்டியவர்கள் வாயிலிருந்து அடிக்கடி வரும் பேச்சு இது.

ஆபத்தே இங்கேதான். பி.பி. ஏறினால் பெரும்பாலும் தலை வலிக்காது, மயக்கம் வராது. கொலஸ்ட்ராலும் அப்படித்தான். சத்தமில்லாமல் வருடக்கணக்கில் ரத்தக் குழாயின் உட்சுவர் கெட்டு, அங்கே கொழுப்பு படிகிறது. ஒருநாள் அந்தப் படிவு வெடித்து, அதன்மேல் ரத்தம் உறைந்து இதயத்துக்குப் போகும் குழாய் அடைத்துக்கொண்டால், அதுதான் ஹார்ட் அட்டாக்!

அதனால், முப்பது வயதுக்கு மேல் வருடம் ஒருமுறையாவது பி.பி., சுகர் பார்த்துவிடுங்கள். ஆரம்ப சுகாதார நிலையத்தில் இலவசம். பி.பி. 140/90-க்கு மேலேயே நின்றால் டாக்டரைப் பாருங்கள். அப்பாவுக்கோ அண்ணனுக்கோ இளம் வயதிலேயே மாரடைப்பு வந்திருந்தால் கொலஸ்ட்ராலும் பார்க்கவேண்டும். வீட்டுக்காரரை மட்டும் அனுப்பிவைக்கும் இல்லத்தரசிகளே, உங்களுக்கும் சேர்த்துத்தான்!

அடுத்து, உப்பு. ஒருவருக்கு ஒரு நாளைக்கு 5 கிராமுக்குள், அதாவது ஒரு டீஸ்பூனுக்குள் இருக்கட்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். கருவாட்டுக் குழம்பு வைக்கிற அன்றைக்கு அப்பளம், ஊறுகாய் எதற்கு? கருவாடே உப்பில் ஊறியதுதானே! பச்சை மீன் கிடைத்தால் பொரிக்காமல் குழம்பு வையுங்கள். சிதம்பரம் கொத்சுக்குக் கத்தரிக்காயை எண்ணெயில் மிதக்கவிடாமல் சுட்டு மசித்துப் பாருங்கள், ருசி குறையாது.

தினம் அரை மணி, வாரம் ஐந்து நாள் வேக நடை. கடலூர்க்காரர்களுக்கு வெள்ளிக் கடற்கரை இருக்கிறது. சிதம்பரத்துக்காரர்களுக்கு நான்கு வீதி. காசா, பணமா? சிகரெட்டை நிறுத்தினால், அதனால் கூடியிருந்த இதய நோய் அபாயம் ஒரே வருடத்தில் ஏறக்குறைய பாதியாகிறது.

இதையும் மீறி நெஞ்சை அழுத்தும் வலி, கைக்கும் தாடைக்கும் பரவும் வலி, குளிர்ந்த வியர்வை, மூச்சுத் திணறல் வந்தால் ‘வாயுப் பிடிப்பு’ என்று சோடா குடித்துக் காத்திருக்காதீர்கள். உடனே 108. தமிழக அரசு 2023-ல் தொடங்கிய ‘இதயம் காப்போம்’ திட்டத்தில், ஆரம்ப, துணை சுகாதார நிலையங்களிலேயே 14 மாத்திரைகள் தருகிறார்கள்: ஆஸ்பிரின் 2, குளோபிடோக்ரல் 4, அடோர்வாஸ்டாடின் 8. பெரிய ஆஸ்பத்திரி போய்ச் சேரும்வரை கை கொடுக்கும். நாமாகக் கடையில் வாங்கிப் போடக்கூடாது.

கையில் பட்டை கட்டி பி.பி. பார்க்க இரண்டே நிமிடம். இந்த வாரமே குடும்பத்தோடு கிளம்புங்கள். சீட்டைக் கையில் வாங்கிய பிறகு சொல்லுங்கள், “நல்லா இருக்கேன்” என்று!