சுவானி டைகர்ஸ் 1899 பருவம்

அமெரிக்காவின் டென்னசி மாநில மலைப்பகுதியில் உள்ள சிறிய கல்லூரி சுவானி. 'தெற்குப் பல்கலைக்கழகம்' என்பது அதன் முறையான பெயர். சில நூறு மாணவர்களே படித்த இக்கல்லூரியின் அமெரிக்கக் காற்பந்து அணி, 1899-இல் ஆடிய 12 ஆட்டங்களிலும் வென்றது. எடுத்த புள்ளிகள் 322. விட்டுக்கொடுத்தவை 10 மட்டுமே.

அந்த ஆண்டு பிரின்ஸ்டன் அணியின் முன்னாள் ஆட்டக்காரர் பில்லி சூட்டர் புதிய பயிற்சியாளராகப் பொறுப்பேற்றார். அணித்தலைவர் ஹென்றி சைபெல்ஸ். ஆட்டங்களை ஏற்பாடு செய்தவர் மாணவ மேலாளர் லூக் லீ. இவர் பிற்காலத்தில் செனட் உறுப்பினரானார். முதல் உலகப்போர் முடிந்ததும் ஜெர்மானியப் பேரரசர் கெய்சரைக் கடத்திவர முயன்றவரும் இவரே!

அணியின் புகழுக்குக் காரணமான பயணம், உண்மையில் பணத்தட்டுப்பாட்டில் பிறந்தது. நுழைவுச்சீட்டு வசூலைப் பங்கிடுவதில் வாண்டர்பில்ட் பல்கலைக்கழகத்துடன் தகராறு ஏற்பட்டு, அந்த ஆண்டு அவர்களுடன் ஆட்டம் இல்லாமல் போனது. அந்த வருமான இழப்பை ஈடுகட்ட, லீ ஒரே பயணத்தில் ஐந்து ஆட்டங்களை அடுக்கினார். சென்றவர்கள் சுமார் 20 பேர். ரயிலில் கடந்த தூரம் ஏறத்தாழ 4,000 கிலோமீட்டர், அதாவது கன்னியாகுமரியிலிருந்து ஜம்முவுக்குச் செல்வதைவிட அதிகம்.

நவம்பர் 9 அன்று டெக்சாஸ் அணியை 12-0 என வென்றனர். மறுநாள் டெக்சாஸ் ஏ அண்ட் எம் (10-0), அதற்கடுத்த நாள் நியூ ஆர்லியன்சில் துலேன் (23-0). ஞாயிறு ஓய்வு. 13-ஆம் தேதி லூசியானா மாநில அணி (34-0), 14-ஆம் தேதி மெம்பிசில் மிசிசிப்பி (12-0). ஆறு நாட்களில் ஐந்து வெற்றிகள். எதிரணிகளுக்கு ஒரு புள்ளிகூட இல்லை.

இதன் கடினத்தை உணர அன்றைய விதிகளை அறிய வேண்டும். களத்தை விட்டு வெளியேறியவர் அதே ஆட்டத்தில் மீண்டும் இறங்க முடியாது. எனவே தாக்குவதும் தடுப்பதும் அதே 11 பேர்தான். பந்தை முன்னோக்கி எறிய 1906 வரை அனுமதி இல்லை. ஆட்டம் பெரும்பாலும் உடலோடு உடல் மோதித் தள்ளுவதாகவே இருந்தது. அடுத்தடுத்த நாட்களில், அதுவும் இரவுகளை ரயிலில் கழித்துவிட்டு, இப்படி ஆடியதால்தான் 'இரும்பு மனிதர்கள்' என்ற பெயர் வந்தது.

ஆனால் அப்பருவத்தின் உண்மையான சோதனை அந்தப் பயணம் அல்ல, நவம்பர் 30 அன்று ஆபர்னுடன் நடந்த ஆட்டமே. ஆபர்னின் பயிற்சியாளர் ஜான் ஹைஸ்மன். கல்லூரிக் காற்பந்தின் புகழ்பெற்ற ஹைஸ்மன் கோப்பை இவர் பெயரில்தான் வழங்கப்படுகிறது. அந்த 10 புள்ளிகளையும் எடுத்தது இவருடைய அணிதான். அன்று டச் டவுனுக்கு 5 புள்ளிகளும் அதைத் தொடரும் உதைக்கு 1 புள்ளியும் கிடைத்தன. சுவானி 11-10 என ஒரே புள்ளியில் தப்பியது. இரண்டு நாள் கழித்து வட கரோலினாவை 5-0 என வென்று பருவத்தை முடித்தது.

சூட்டர் 1901 வரை பயிற்சியாளராக நீடித்தார். பெரிய பல்கலைக்கழகங்கள் வளர்ந்தபின் சுவானியால் ஈடுகொடுக்க முடியவில்லை. 1932-இல் தென்கிழக்கு மாநாட்டுக் கூட்டமைப்பின் நிறுவன உறுப்பினராகச் சேர்ந்த அது, அங்கு ஓர் ஆட்டத்தில்கூட வெல்லாமல் 1940-இல் விலகியது.