ஹால்ஷ்டாட்: உப்பால் உருவான ஊர்

ஆஸ்திரியாவின் டாக்‌ஷ்டைன் மலைகளின் அடியில், செங்குத்துப் பாறைக்கும் ஏரிக்கும் நடுவே ஒடுங்கிய கரையில் அமைந்த சிற்றூர் இது. மக்கள்தொகை 800-ஐ எட்டாது. 1890 வரை இங்கு வண்டிப்பாதை இல்லை. படகிலோ ஒற்றையடிப் பாதையிலோதான் வர முடிந்தது.

உப்புச் சுரங்கம்: ஊருக்கு மேலுள்ள பள்ளத்தாக்கில் 3,000 ஆண்டுகளுக்கு முன்பே உப்பு வெட்டினார்கள். சுரங்கத்தில் கிடைத்த மரப்படிக்கட்டு கி.மு. 14ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது. உப்பே அதை மட்காமல் காத்தது.

தொல்லிடுகாடு: சுரங்க அதிகாரி யோஹான் கியோர்க் ராம்சாவர் 1846 முதல் இங்கு ஏறத்தாழ 1,000 கல்லறைகளை அகழ்ந்து, படங்களுடன் பதிவுசெய்தார். ஐரோப்பாவின் தொடக்க இரும்புக்காலம் இவ்வூரின் பெயராலேயே ‘ஹால்ஷ்டாட் பண்பாடு’ எனப்படுகிறது.

எலும்பு மாடம்: புதைக்க இடம் போதாததால், பழைய குழிகளிலிருந்து எடுத்த மண்டையோடுகளை வெயிலில் உலர்த்தி, பெயரும் மலர்களும் தீட்டிப் புனித மிக்கேல் சிற்றாலயத்தில் அடுக்கினார்கள். சுமார் 1,200 மண்டையோடுகளில் பாதிக்கு மேல் வண்ணம் தீட்டப்பட்டவை.

1997 முதல் இப்பகுதி யுனெஸ்கோ உலகப் பாரம்பரியக் களம். இன்றும் குடும்பங்கள் வாழும் ஊர் இது; அவர்களின் முன்னோர் உறங்கும் இடம். அமைதி காத்து நடங்கள்.