மாமி எடுத்த ஆறு புள்ளிகள்

கொட்டாஞ்சேனையில் இருக்கும் என் மாமிக்குச் சீனி வருத்தம், பிரசரும் உண்டு. சென்ற மாதம் வெள்ளவத்தையிலுள்ள எங்கள் வீட்டுக்கு வந்தவர், கைப்பையிலிருந்து ஒரு தாளை எடுத்து நீட்டினார். மத்தியதரைக்கடல் நாட்டு உணவுமுறையை எந்தளவு பின்பற்றுகிறோம் என்று அளக்கும் 14 கேள்விகள். மாமிக்குக் கிடைத்தது 6.

"ஃபெயிலாகிட்டேன் மகன். ஒரு கேள்வியில வைன் குடிக்கச் சொல்லியும் ஈக்கே! இனி என்னத்தச் சாப்பிட்டா என்ன?"

அந்தக் கடைசி வார்த்தைதான் என்னை இதை எழுத வைத்தது.

1958இல் அமெரிக்கரான அன்செல் கீஸ் தொடங்கிய 'ஏழு நாடுகள் ஆய்வில்', கிரேக்கத்தின் கிரீட் தீவினருக்கு இருதய நோய் மரணம் மிகக் குறைவாக இருந்தது. அத்தகைய உணவை எண்ணால் அளக்க, கிரேக்க மருத்துவர் அந்தோனியா திரிக்கோபுலூவின் குழுவினர் 1995இல் ஒரு புள்ளித்திட்டத்தை வெளியிட்டார்கள். மாமியின் தாள் பின்னால் வந்தது. ஸ்பெயினில் 7,447 பேரிடம் நடந்த 'பிரெடிமெட்' ஆய்வில் பயன்பட்ட கேள்விகள் அவை. ஆம் என்றால் 1, இல்லை என்றால் 0. அந்த ஆய்வின் முடிவு 2013இல் வந்தது. ஆட்களைக் குழுக்களாகப் பிரித்ததில் நேர்ந்த குறைகளால் அதை மீளப்பெற்று, 2018இல் திருத்தி வெளியிட்டார்கள். அப்போதும் இந்த உணவை உண்டவர்களுக்கு மாரடைப்பு, பக்கவாதம் போன்றவை ஏறத்தாழ 30 வீதம் குறைவு என்றே வந்தது.

ஆகவே தாளைத் தூக்கி எறிய முடியாது. நானும் மாமியும் கேள்வி கேள்வியாகப் பார்த்தோம்.

பருப்பு, மீன், வல்லாரைச் சம்பலோடு மரக்கறி, மாட்டிறைச்சியை விடக் கோழி, சோடா குடிக்காதது, தினமும் இறைச்சி உண்ணாதது: இவற்றுக்கு 6. மீதி எட்டும் பூச்சியம். அவற்றில் நான்கு நம் ஊருக்கும் மார்க்கத்துக்கும் பொருந்தாதவை. ஒலிவ் எண்ணெய்க்கு மட்டும் இரண்டு கேள்விகள். ஒலிவ் எண்ணெயில் வதக்கிய தக்காளி, வெங்காயம், உள்ளிக்கு ஒன்று. மாமியும் அப்படித்தான் வதக்குகிறார், ஆனால் தேங்காயெண்ணெயில். நான்காவது, வாரத்துக்கு ஏழு கிளாஸ் வைன்.

வைனுக்கு விழுந்த பூச்சியத்தைப் பற்றி மாமி கவலைப்படவே வேண்டாம். அந்த ஆய்வே, வழக்கமாகக் குடிப்பவர்களுக்கு மட்டும்தான், அதுவும் விரும்பினால், என்று வைனைச் சேர்த்தது. யுனெஸ்கோ 2010இல் இந்த உணவு மரபைப் பட்டியலில் சேர்த்தபோது அதற்குரிய நான்கு நாடுகளில் மொரோக்கோவும் ஒன்று.

எண்ணெய்க்கான பூச்சியத்தை அப்படித் தள்ளிவிட முடியாது. தேங்காயெண்ணெயில் பெரும்பகுதி நிறைவுற்ற கொழுப்பு, ஒலிவில் அது குறைவு. விலை கொடுத்து ஒலிவ் வாங்க முடியாவிட்டாலும், பொரியலைக் குறைத்து, எண்ணெயைக் கரண்டியால் அளந்து ஊற்றலாம்.

மற்ற நான்கும் மாமியின் கையில் உள்ளவை: பாணுக்கு மாஜரின், பின்னேரத் தேநீரோடு பேக்கரிப் பணிஸ், பழம் போதாமை, கொட்டை வகை இல்லாமை. கடைசிக்குக் கச்சானே போதும், இந்தக் கேள்வியில் அதுவும் சேர்த்தி. பழம் மட்டும், சீனி வருத்தம் உள்ளவர்கள் எது, எவ்வளவு என்று டொக்டரிடம் கேட்டுக்கொள்வது நல்லது.

"அப்ப வைன் கேள்விய வெட்டிட்டு 13க்குப் போடுவோமே?" என்றார் மாமி. வெட்டலாம். ஆனால் அதற்குப் பிறகு அந்தப் புள்ளியை ஸ்பெயின்காரரின் புள்ளியோடு ஒப்பிடக் கூடாது. அளவுகோலை மாற்றினால் அதை நம் மக்களிடம் புதிதாகச் சோதித்துப் பார்க்க வேண்டும். தனி ஒருவருக்கு அந்தத் தாள் உதவுவது வேறு விதத்தில்: இன்றைய புள்ளியைத் தன் பழைய புள்ளியோடு வைத்துப் பார்க்க.

தாளின் பின்புறத்தில் திகதியையும் 6 என்ற எண்ணையும் எழுதிக் கொடுத்தேன். மூன்று மாதத்தில் மறுபடி பார்ப்பதாக ஏற்பாடு. போகும்போது மாமி கேட்டார்: "கச்சான் எந்தப் பக்கம் மகன் விக்கிறாங்க?"