பாஸ் கிட்டாரின் காது

மின்சார பாஸ் கிட்டாரின் காது எது? கம்பிகளுக்கு அடியிலுள்ள 'பிக்கப்' என்னும் உறுப்பே. காந்தத்தின் மேல் எஃகுக் கம்பி அதிர, காந்தப்புலம் மாறி, செம்புச் சுருளில் மின்சாரம் பிறக்கிறது. 1831-இல் ஃபாரடே கண்டறிந்ததாக நாம் படிக்கும் மின்காந்தத் தூண்டல் இதுவே!

1951-இல் அமெரிக்காவில் லியோ ஃபெண்டர் வெளியிட்ட பிரிசிஷன் பாஸில் நான்கு காந்தத் துண்டுகளும் ஒரே சுருளும் இருந்தன. அதே ஒலியை விரும்பி, அத்தகைய பிக்கப்பை இன்றும் சிலர் கையால் செய்கின்றனர். நார்த் தகடுகளை வெட்டித் துளையிட்டு, காந்தங்களைப் பொருத்தி, தலைமுடி போன்ற மெல்லிய கம்பியை ஆயிரக்கணக்கான சுற்றுகள் சுற்றுவர். சற்றே கூடுதலாக இழுத்தால் கம்பி அறுந்துவிடும், உழைப்பெல்லாம் வீண். இறுதியில் உருகிய மெழுகில் தோய்ப்பர். சுற்றுகள் அசையாதிருந்தால் வீறிடும் ஓசை எழாது.

இத்தனையும் ஒரு மூடிக்குள் மறைந்துவிடுகிறது. யாரும் காணாத இடத்திலும் பழுதின்றிச் செய்யும் அந்தப் பொறுமையை மாணவியராகிய நாமும் கற்போமா?