தார்ச்சாலை முடிந்த பிறகு வழிகாட்டும் டேப்லெட்

சாலையில்லாத தடத்தில் ஓடும் வண்டிக்கு டேப்லெட் வாங்குபவர், திரையின் அகலத்தையும் ரேமின் அளவையும் பார்ப்பதற்கு முன்னால் ஒன்றைப் பார்க்க வேண்டும்: செயற்கைக்கோள் சிக்னலை வாங்கும் ஜிபிஎஸ் ரிசீவர் அதற்குள் இருக்கிறதா? 10,000 ரூபாயிலிருந்து 20,000 ரூபாய்க்குள் விற்கும் டேப்லெட்டுகள் பலவற்றில் அது இல்லை. படம் பார்க்கவும் பாடம் படிக்கவும் செய்த கருவிக்கு அது தேவையில்லை என்று தயாரிப்பாளர்கள் விட்டுவிடுகிறார்கள். வீட்டு வைஃபையிலும் ஊருக்குள்ளும் அப்படிப்பட்ட டேப்லெட் இடத்தை ஓரளவு சரியாகவே காட்டும். சுற்றியுள்ள வைஃபை இணைப்புகளை வைத்து அது இடத்தை ஊகித்துக்கொள்கிறது. ஊர் எல்லை தாண்டியதும் வரைபடத்திலுள்ள நீலப்புள்ளி நின்ற இடத்திலேயே நின்றுவிடும்.

விருத்தாசலத்துக்குத் தெற்கே வெள்ளாற்றுப் பகுதியில் இருக்கும் கருவேப்பிலங்குறிச்சியைச் சுற்றி, ரிசீவர் இருப்பதற்கும் இல்லாததற்கும் உள்ள வேறுபாடு நன்றாகத் தெரியும். பெரிய சாலையை விட்டு இறங்கினால் வாய்க்கால் கரை, கரும்பு வண்டி போன தடம், ஆற்றோரத்து மணல், மழை பெய்தால் சக்கரத்தைப் பிடித்துக்கொள்ளும் களி. விருத்தாசலத்துக்கும் பண்ருட்டிக்கும் இடையிலான செம்மண் மேட்டில் முந்திரிக்காடுகள். முந்திரித் தோப்புக்குள் ஒரு தடம் மூன்றாகப் பிரியும், மூன்றும் பார்வைக்கு ஒன்றுபோலவே இருக்கும். டிராக்டர் ஓட்டுபவருக்கும் ஜீப்பில் தோட்டம் பார்க்கப் போகிறவருக்கும் இப்படிப்பட்ட இடத்தில்தான் வழிகாட்டி தேவைப்படுகிறது.

‘நெட் இல்லாவிட்டால் ஜிபிஎஸ் வேலை செய்யாது’ என்ற எண்ணம் பரவலாக இருக்கிறது. அது சரியல்ல. ஜிபிஎஸ் செயற்கைக்கோள்கள் சுமார் 20,200 கிலோமீட்டர் உயரத்திலிருந்து நேரத்தையும் தங்கள் இருப்பிடத்தையும் ஓயாமல் ஒலிபரப்புகின்றன. வானொலிப் பெட்டியைப் போல ரிசீவர் அதைக் கேட்டுக்கொள்கிறது. குறைந்தது நான்கு செயற்கைக்கோள்களின் சிக்னல் வந்து சேர எடுத்த நேரத்தைக் கணக்கிட்டு, தான் நிற்கும் இடத்தைக் கண்டுபிடிக்கிறது. இதில் டவருக்கோ டேட்டாவுக்கோ வேலையில்லை. நெட் இரண்டு வகையில் உதவுகிறது. முதலாவது, வரைபடத்தைக் கொண்டுவருவது. இரண்டாவது, செயற்கைக்கோள்கள் எங்கே இருக்கின்றன என்ற விவரத்தை முன்கூட்டியே தந்து வேலையைச் சுருக்குவது. அந்த விவரம் செயற்கைக்கோளிலிருந்தே வரவேண்டுமென்றால், ஒவ்வொன்றும் தன் பாதையைச் சொல்லி முடிக்க 30 வினாடி ஆகும். எல்லாச் செயற்கைக்கோள்களையும் பற்றிய பட்டியல் முழுதும் வந்துசேர 12.5 நிமிடம் ஆகும். பல நாள் அணைத்து வைத்திருந்த டேப்லெட் தோப்பின் நடுவே திறந்ததும் திணறுவதற்குக் காரணம் இதுதான். டவர் கிடைக்கும் இடத்திலேயே, புறப்படும் முன், வெட்டவெளியில் ஒருமுறை இடத்தைப் பிடிக்க வைத்துவிட்டால் இந்தச் சிக்கல் பெரும்பாலும் தீரும்.

ரிசீவர் இருக்கிறதா என்று அறிவது எப்படி? ஆப்பிள் ஐபேடில் விதி எளிது: வைஃபை மட்டும் உள்ள மாடலில் ஜிபிஎஸ் இல்லை, செல்லுலார் மாடலில் உண்டு. ஆண்ட்ராய்டில் ஒரே விதி கிடையாது. சில நிறுவனங்கள் வைஃபை மாடலிலும் வைக்கின்றன. சில நிறுவனங்கள் சிம் போடும் மாடலில் மட்டும் வைக்கின்றன. பெயரும் தோற்றமும் ஒன்றாகவே இருக்கும், மாடல் எண்ணின் கடைசி எழுத்துகள் மட்டும் மாறும். எனவே சிம் போடும் மாடலை வாங்குவதே பாதுகாப்பு, சிம்மே போடாவிட்டாலும்.

கடையிலேயே சோதித்துப் பார்ப்பது இன்னும் நல்லது. காட்சிக்கு வைத்த டேப்லெட்டில் ‘ஜிபிஎஸ்டெஸ்ட்’ என்ற இலவசச் செயலியைப் போட்டு, வைஃபையை அணைத்து, சிம் இருந்தால் ஏரோபிளேன் மோடுக்கு மாற்றி, லொகேஷன் மட்டும் இயங்கும்படி வைத்து, கடை வாசலில் வானம் தெரியும் இடத்தில் ஐந்து நிமிடம் பிடிக்க வேண்டும். ரிசீவர் இல்லையென்றால் பட்டியல் காலியாகவே கிடக்கும். இருந்தால் ஒவ்வொரு செயற்கைக்கோளும் ஒரு வரியாக, நாட்டுக் கொடியோடும் சிக்னல் வலிமை எண்ணோடும் வரத் தொடங்கும். அந்த எண் 30-க்கு மேல் இருந்தால் நல்லது, 40-ஐத் தொட்டால் மிக நல்லது. 20-க்குப் பக்கத்திலேயே தடுமாறும் டேப்லெட் முந்திரிக் கிளைகளுக்கு அடியில் எந்த வரியையும் பிடிக்காது.

அமெரிக்காவின் ஜிபிஎஸ்ஸோடு ரஷ்யாவின் குளோனாஸ், ஐரோப்பாவின் கலிலியோ, சீனாவின் பெய்டோ ஆகியவையும் பட்டியலில் வந்தால், கிளைகளுக்கு இடையில் தெரியும் துண்டு வானத்திலும் போதுமான செயற்கைக்கோள்கள் கிடைக்கும். இந்தியாவின் நாவிக் அமைப்பின் முதல் செயற்கைக்கோள் 2013 ஜூலையில் ஏவப்பட்டது. அது முதலில் பயன்படுத்திய எல்5 அலைவரிசையை மலிவான சிப்கள் பலவற்றால் வாங்க முடியவில்லை. 2023 மே 29 அன்று ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து சென்ற என்விஎஸ்-01, மற்ற நாடுகளின் கருவிகளும் பயன்படுத்தும் எல்1 அலைவரிசையையும் சேர்த்துக்கொண்டது. நாவிக் இருப்பது நல்லதுதான், ஆனால் அது இல்லை என்பதற்காக நல்ல டேப்லெட்டை ஒதுக்க வேண்டியதில்லை.

ரிசீவர் இல்லாத டேப்லெட் ஏற்கெனவே வீட்டில் இருந்தால், புளூடூத்தில் இணையும் தனி ஜிபிஎஸ் ரிசீவர் வாங்கிக்கொள்ளலாம். டாஷ்போர்டில் வைக்கும் இந்தச் சிறு பெட்டிக்குள் விருத்தாசலத்துக்காரர்களுக்கு நெருக்கமான பொருள் ஒன்று இருக்கிறது: பீங்கான். ஜிபிஎஸ் சிக்னலின் அலைநீளம் சுமார் 19 சென்டிமீட்டர். அதன் பாதி நீளத்துக்கு ஆண்டெனா வைத்தால் ஒன்பதரை சென்டிமீட்டர் வேண்டும். மின்புலத்தைத் தன்னுள் தேக்கும் தன்மை மிகுந்த பீங்கான் சில்லின் மேல் உலோகத்தைப் பூசினால் அலை அதற்குள் சுருங்கிவிடும், இரண்டரை சென்டிமீட்டர் சதுரமே போதும். ஃபியூஸ் கேரியரும் பொம்மையும் சுட்டெடுக்கும் ஊரின் பொருள், வேறு கலவையில், வேறு சூளையில் இந்த வேலையையும் செய்கிறது. டேப்லெட்டின் ஓரத்தில் ஒடுங்கிய மெல்லிய உலோக ஆண்டெனாவைவிட வானத்தைப் பார்த்து மல்லாந்திருக்கும் இந்தச் சில்லு பெரும்பாலும் நன்றாகவே கேட்கும்.

மலிவான டேப்லெட்டுகளில் விடுபடும் இன்னொன்று திசைகாட்டி சென்சார். வண்டி நகரும்போது இந்தக் குறை தெரியாது, ஏனென்றால் நகரும் போக்கை வைத்தே செயலி திசையைச் சொல்லிவிடும். தடம் பிரியும் இடத்தில் வண்டியை நிறுத்தியதும் அம்புக்குறி தன் விருப்பத்துக்குச் சுற்றும். அப்போது பத்து, இருபது மீட்டர் மெதுவாக முன்னே போய்ப் பார்ப்பதைத் தவிர வழியில்லை.

அளவைப் பொறுத்தவரை 8 அங்குலத்தை ஒட்டிய டேப்லெட்டே ஏற்றது. 10 அங்குலத் திரை ஜீப்பின் கண்ணாடியை மறைக்கும், எடையும் அரை கிலோவை நெருங்கும். வரப்பு ஏறி இறங்கும் ஒவ்வொரு குலுக்கலிலும் அந்த எடை ஸ்டாண்டைப் பிடித்து இழுக்கும். ரப்பர் உறிஞ்சியில் கண்ணாடியில் ஒட்டும் ஸ்டாண்ட் வெயிலில் இளகி விழும், டாஷ்போர்டில் திருகி முடுக்கும் ஸ்டாண்டே நிற்கும்.

வட தமிழ்நாட்டுச் சமவெளியின் சித்திரை வெயில்தான் இந்தக் கருவிக்குக் கடுமையான சோதனை. ஐபேடைப் பயன்படுத்தத் தகுந்த சூழல் வெப்பம் 0 முதல் 35 டிகிரி செல்சியஸ் வரை என்றே ஆப்பிள் சொல்கிறது. விருத்தாசலத்தில் கோடையில் நிழலிலேயே 40-ஐத் தொடும். கதவடைத்து நிறுத்திய வண்டிக்குள் அதைவிட வெகுவாக ஏறும். சூடேறிய டேப்லெட் முதலில் திரை வெளிச்சத்தைக் குறைக்கும், பிறகு சார்ஜ் ஏற்றுவதை நிறுத்தும், கடைசியில் அணைந்துவிடும். வெயிலில் திரை தெரிய வேண்டுமென்று வெளிச்சத்தை முழுதாக வைத்தால் சூடு இன்னும் ஏறும். ஏசி காற்று படும் இடத்தில் மாட்டுவது, கறுப்பு உறையைக் கழற்றிவிடுவது, மேலே நிழல்மறைப்பு வைப்பது என எளிய வழிகள்தான் உள்ளன. வாங்கும்போது வெளிச்ச அளவு 400 நிட்ஸுக்குக் குறையாமல் இருப்பது நல்லது. திறந்த ஜீப்புக்கும் டிராக்டருக்கும் அதுவும் பற்றாது.

மின்சாரக் கணக்கையும் போட்டுப் பார்க்க வேண்டும். 5,000 எம்ஏஎச் பேட்டரியில் ஏறத்தாழ 19 வாட்-மணி சக்தி இருக்கிறது. முழு வெளிச்சமும் ஜிபிஎஸ்ஸும் சேர்ந்து 5 வாட் இழுத்தால் நான்கு மணி நேரம்கூடத் தாங்காது. பழைய கார் சார்ஜர் தரும் 5 வோல்ட், 1 ஆம்பியர் என்பதும் அதே 5 வாட்தான். சார்ஜில் போட்டிருந்தும் சதவீதம் இறங்குகிறது என்று பலர் வியப்பதற்குக் காரணம் இதுவே. 2 ஆம்பியருக்குக் குறையாத சார்ஜரும் தடித்த, குட்டையான கேபிளும் வேண்டும்.

வரைபடத்தைப் புறப்படும் முன்பே கருவியில் இறக்கி வைத்துக்கொள்ள வேண்டும். 2004இல் தொடங்கிய ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் தரவைக்கொண்டு இயங்கும் ஆர்கானிக் மேப்ஸ், ஆஸ்மஆண்ட் ஆகிய செயலிகள் தமிழ்நாடு முழுவதையும் நெட் இல்லாமலே காட்டும். கட்டணமில்லாத ஆஸ்மஆண்டில் தரவிறக்கும் எண்ணிக்கைக்கு வரம்பு உண்டு, ஒரு மாநிலத்துக்கு அது தடையாகாது. கூகுள் மேப்பையும் ஆஃப்லைனில் சேமிக்கலாம். ஆனால் அது தார்ச்சாலைக்காரர்களுக்கே நன்றாக உதவும், தோப்புக்குள் போகும் வண்டித்தடங்கள் பெரும்பாலும் அதில் வெற்றிடமாக இருக்கும்.

பழைய டோப்போ (நிலவரைபட) தாள்களை ஸ்கேன் செய்து பயன்படுத்துவோர் ஒன்றைக் கவனிக்க வேண்டும். இந்திய நில அளவைத் துறையின் பழைய எண்முறையில் விருத்தாசலப் பகுதி 58 எம் தாளில் வருகிறது. சென்னை பரங்கிமலைப் பக்கம் 1802இல் நில அளவையாளர் லாம்ப்டன் அளந்த அடிக்கோட்டில் தொடங்கிய பெரும் அளவையின் வழிவந்த இந்தத் தாள்கள், அளவையாளர் எவரெஸ்ட் கணக்கிட்ட பூமி வடிவத்தின்மேல் வரையப்பட்டவை. டேப்லெட் பயன்படுத்துவது டபிள்யூஜிஎஸ் 84 என்ற வேறு வடிவம். மாற்றிக்கொள்ளாமல் ஒன்றின்மேல் ஒன்றை வைத்தால் வண்டி நூறு மீட்டருக்கும் மேல் தள்ளி நிற்பதாகக் காட்டும். 2005ஆம் ஆண்டு வரைபடக் கொள்கைக்குப் பின் பொதுமக்களுக்கென வெளியான திறந்த வரிசைத் தாள்கள் டபிள்யூஜிஎஸ் 84-இலேயே இருக்கின்றன, அவற்றில் இந்தப் பிழை வராது.

சட்டத்தைப் பற்றி மூன்று செய்திகள். வண்டி ஓட்டும்போது கையடக்கக் கருவியை வழி பார்ப்பதற்கு மட்டும், கவனம் சிதறாதபடி பயன்படுத்தலாம் என்று 2020 அக்டோபரில் நடைமுறைக்கு வந்த மத்திய மோட்டார் வாகன விதித் திருத்தம் சொல்கிறது. செயற்கைக்கோள் வழியாகச் செய்தி அனுப்பும் கருவிகளை அனுமதியின்றி வைத்திருப்பது இந்தியாவில் குற்றம், வெளிநாட்டுப் பயணிகள் பலர் இதில் சிக்கியிருக்கிறார்கள். சிக்னலைக் கேட்க மட்டும் செய்யும் ஜிபிஎஸ் ரிசீவருக்கு இந்தத் தடை இல்லை. வரைபடத்தில் தடம் தெரிகிறது என்பதற்காகக் காப்புக்காட்டுக்குள் வண்டியை விட முடியாது, வனத்துறை அனுமதி வேண்டும்.

வெள்ளாற்றுப் பகுதியில் எந்த வரைபடமும் ஐப்பசி, கார்த்திகை மழையைத் தாண்டி அப்படியே செல்லுபடியாகாது. தரைப்பாலம் மூழ்கும், கரை அரித்துத் தடம் நகரும், போன ஆண்டு வண்டி இறங்கிய இடத்தில் இடுப்பளவு நீர் நிற்கும். எனவே டேப்லெட்டின் பெரிய பயன், வண்டி போன தடத்தை அதுவே பதிந்துவைப்பதில் இருக்கிறது. போகும்போது பதிவை ஓடவிட்டால் வரும்போது அதே கோட்டைப் பிடித்துத் திரும்பலாம். தரைப்பாலம், களி, புதைமணல் உள்ள இடங்களைத் தேதியோடு குறித்துவைக்கலாம். அந்த இடத்தைப் போனில் மற்றவருக்குச் சொல்லும்போது, பாகைக் கணக்கில் புள்ளிக்குப் பின் நான்கு இலக்கம் சொன்னால் பிழை சுமார் 11 மீட்டருக்குள் அடங்கும், ஐந்து சொன்னால் ஒரு மீட்டர். ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பில் அந்தத் தடத்தை யார் வேண்டுமானாலும் வரைந்து சேர்க்கலாம். கெட்டியான தடம் முதல் நிலை, மெத்தென்று புதையும் மண்தடம் ஐந்தாம் நிலை என்று தரமும் குறிக்கலாம். கருவேப்பிலங்குறிச்சியில் ஒரு டிராக்டர்காரர் தை மாதத்தில் சேர்க்கும் கோடு, செயலியின் அடுத்த வரைபடப் புதுப்பிப்பில் அடுத்த ஊர்க்காரரின் திரைக்கு வந்துசேரும்.